சோதனைப் பதிப்புகளுக்கென ஒரு தனிக் கணினி: வாசகர் கேள்வி – பதில்

பழைய கணினியொன்றை ஒதுக்கிவைத்து, இன்னும் வெளியீட்டு நிலையை எட்டாத இயங்குதளங்களை அதில் நிறுவிச் சோதிக்கலாமா என்று கேட்டு இம்மாதம் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் ஏழு கடிதங்களுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: 2012-இல் வாங்கிய மேசைக் கணினி வீட்டில் சும்மா கிடக்கிறது. இன்டெல் கோர் ஐ3 இரண்டாம் தலைமுறைச் செயலி, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். இதில் டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தின் சோதனைப் பதிப்புகளை நிறுவி, காணும் குறைகளைத் தெரிவிக்க விரும்புகிறேன். இக்கணினி போதுமா? முதலில் என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: தாராளமாகப் போதும். சொல்லப்போனால், இத்தகைய கணினிகளில் சோதிப்பவர்கள் குறைந்துகொண்டே வருவதால் தங்கள் சோதனைக்குத் தனி மதிப்பு உண்டு. பழைய வரைகலைச் சில்லிலும் பழைய வைஃபை அட்டையிலும் மட்டும் தலைகாட்டும் வழு (மென்பொருள் குறை), புதிய கணினியில் வேலை செய்யும் நிரலாளரின் கண்ணில் படுவதே இல்லை. தங்கள் செயலி 64 பிட் வகையைச் சேர்ந்தது என்பதால் டெபியனுக்குத் தடையில்லை. (2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-இலிருந்து 32 பிட் கணினிகளுக்கென நிறுவி தரப்படுவதில்லை.) ஆனால் சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் 10 என்ற மற்றொரு லினக்ஸ் இயங்குதளம் இதில் இயங்காது. ஏவிஎக்ஸ்2 கட்டளைகளை அறிந்த செயலி அதற்கு வேண்டும். இன்டெல் கோர் வரிசையில் 2013-இல் வந்த நான்காம் தலைமுறைக்கு முன் அவை இல்லை.

இயங்குதளத்தை நிறுவுவதற்கு முன் கணினியைச் சோதியுங்கள். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய கணினியிலிருந்து மூன்று வழு அறிக்கைகளை அடுத்தடுத்து அனுப்பினேன். உலாவி திடீரென மூடிக்கொண்டது ஒன்று. தொகுப்பை, அதாவது நிறுவவேண்டிய மென்பொருளின் கோப்புக் கட்டை, விரிக்கும்போது பிழை வந்தது ஒன்று. திரை உறைந்தது ஒன்று. பதில் எழுதிய நிரலாளர் இரண்டு நாள் மூலநிரலைத் தேடிப் பார்த்துவிட்டு, "ரேமைச் சோதித்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். அன்றிரவு மெம்டெஸ்ட்86 பிளஸ் நிரலைப் பென் டிரைவிலிருந்து ஓடவிட்டேன். இரண்டாம் சுற்றில் சிவப்பு வரிகள் திரையை நிறைத்தன. இரண்டு ரேம் பலகைகளில் ஒன்று கெட்டிருந்தது. ஊதியமில்லாமல் உழைக்கும் ஒருவரின் இரண்டு நாள் என்னால் வீணாயிற்று. அதன்பின் ஓர் இரவு முழுதும் ரேமைச் சோதிக்காமல் எந்தக் கணினியிலிருந்தும் நான் அறிக்கை அனுப்பியதில்லை.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். ஸ்மார்ட் என்னும் தற்சோதனைப் பட்டியலில் 5-ஆம் எண்ணையும் 197-ஆம் எண்ணையும் பாருங்கள். முன்னது கெட்டுப்போய் மாற்றியமைக்கப்பட்ட பகுதிகளையும், பின்னது படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகளையும் எண்ணிச் சொல்லும். பின்னது சுழியமாக இல்லாவிட்டால் அந்த வட்டை இப்பணிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். சிறிய எஸ்எஸ்டி ஒன்று, 128 ஜிபி இருந்தாலும், வாரந்தோறும் மீண்டும் மீண்டும் நிறுவும் வேலையைப் பெரிதும் எளிதாக்கும்.

மூன்றாவதாக, தாய்ப்பலகையில் நாணயம் போல் பதிந்திருக்கும் சிஆர்2032 மின்கலம். பல ஆண்டுகள் மூலையில் கிடந்த கணினியில் இது பெரும்பாலும் தீர்ந்திருக்கும். மின்சாரம் துண்டிக்கப்பட்டவுடன் கணினியின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போய்விடும். அப்போது டெபியனின் தொகுப்பு மேலாளர், வழங்கியில் (சர்வரில்) உள்ள பட்டியல் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று மறுக்கும். பாதுகாப்பான இணையதளங்களெல்லாம் சான்றிதழ்ப் பிழை காட்டும். வழங்கியில்தான் கோளாறு என்று எண்ணி ஒரு மாலைப்பொழுதையே தொலைத்தவர்களை அறிவேன். மின்கலத்தை மாற்றி, பயாஸில் நாளையும் நேரத்தையும் சரிசெய்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: விர்ச்சுவல்பாக்ஸில் எந்த இயங்குதளத்தையும் நிறுவிப் பார்க்க முடிகிறதே, தனிக் கணினி எதற்கு?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நிறுவியையும் மேசைச் சூழலையும் தொகுப்பு மேம்படுத்தலையும் சோதிக்க, விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருள் கணினிக்குள் உருவாக்கும் மெய்நிகர்க் கணினியே சிறந்தது, ஒரு நொடியில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். ஆனால் அது காட்டும் வன்பொருள் அனைத்தும் பாவனை. மடிக்கணினியின் மூடியைச் சாத்தித் திறந்தால் திரை விழிக்கிறதா, வைஃபை இணைப்பு மீள்கிறதா, மின்கலத்தின் அளவு சரியாகக் காட்டப்படுகிறதா, ஒலி வெளிவருகிறதா என்பவற்றை மெய்நிகர்க் கணினி சொல்லாது. சோதனைப் பதிப்புகளில் பயனர்களைத் தொல்லைப்படுத்தும் வழுக்களில் பெரும்பகுதி இவ்விடங்களில்தான் இருக்கின்றன. ஆகவே ஒரு பதிப்பை முதலில் மெய்நிகர்க் கணினியில் துவக்கிப் பாருங்கள். அங்கே எழுந்து நின்றால் உண்மையான கணினிக்குக் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரே மடிக்கணினிதான் உள்ளது. வங்கித் தேர்வுக்குத் தம்பி அதில்தான் படிக்கிறான். 60 ஜிபி பார்ட்டிஷன் ஒன்றைத் தனியே பிரித்து, விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு, சோதனைப் பதிப்பை அதன் பக்கத்தில் நிறுவலாமா?
— வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம். தங்கள் ஆர்வத்தைக் குறைக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் இதற்கு வேறு விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பார்ட்டிஷன் என்பது சுவரன்று, வட்டில் போட்ட கோடு மட்டுமே. இயங்குதளம் ஒழுங்காக இருக்கும்வரை கோட்டைத் தாண்டாது. ஒழுங்காக இருக்கிறதா என்பதைத்தானே நாம் சோதிக்கிறோம்? 2021 பிப்ரவரி இறுதியில் லினக்ஸின் மையநிரலான கெர்னலின் 5.12-க்கான முதல் சோதனைப் பதிப்பு வெளிவந்தது. ரேம் போதாதபோது பயன்படும் இடமாற்றுக் கோப்பு, அதாவது ஸ்வாப் ஃபைல், வைத்திருந்தவர்களின் கணினிகளில் அக்கோப்புக்குள் எழுதவேண்டியதை அது வட்டின் தவறான இடத்தில் எழுதியது; அங்கிருந்த கோப்பு முறைமை சிதைந்தது. சில நாட்களில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எச்சரிக்கை விடுத்ததோடு, அப்பதிப்பின் பெயரோடு "பயன்படுத்தாதீர்" என்ற சொல்லையே ஒட்டிவைத்தார். கெர்னல் நிரலில் உலகிலேயே தேர்ந்தவர்களின் கை தவறிய இடம் இது. சோதனைப் பதிப்பு என்ற பெயரின் பொருளே இதுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இரு இயங்குதளங்களும் துவக்க நிரல்கள் இருக்கும் ஒரே இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் ஒரே துவக்கப் பட்டியலையும் பகிர்ந்துகொள்ளும். கையொப்பமிடாத சோதனைக் கெர்னலைத் துவக்க, கையொப்பமுள்ளதை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டிவரும். அணைத்ததும் விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கக்கூடும். தேர்வுக்கு முந்தைய இரவில் தம்பியின் முன் அந்த நீலத் திரை நிற்பதை எண்ணிப் பாருங்கள்.

தனிக் கணினி கிடைக்கும்வரை மெய்நிகர்க் கணினியில் சோதியுங்கள். அதிலும் செய்ய நிறைய உள்ளது. பிறகு உறவினர் வீட்டில் யாரும் தொடாமல் கிடக்கும் மடிக்கணினியைக் கேட்டுப் பாருங்கள். சோதனைக் கணினிக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: இந்த நொடியே அதன் வட்டு முழுதும் அழிந்தால் வீட்டில் யாருக்கேனும் வருத்தம் உண்டா? உண்டு என்றால் அது சோதனைக் கணினி ஆகாது.

கேள்வி: டெஸ்டிங், அன்ஸ்டேபிள், ராஹைட், கரண்ட், நைட்லி, கேனரி என்று பெயர்கள் தலை சுற்றவைக்கின்றன. எதில் தொடங்குவது?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பெயர்கள் பல, அவை சொல்வது, நிரலாளரின் கையிலிருந்து வந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதைத்தான்.

டெபியனில் புதிய தொகுப்பு முதலில் அன்ஸ்டேபிள் என்னும் கிளைக்கு வருகிறது. அதற்குச் சிட் என்று பெயர். பெரிய வழு எதுவும் சில நாட்கள் தெரிவிக்கப்படாவிட்டால் டெஸ்டிங் கிளைக்கு நகர்கிறது. இரண்டாண்டுக்கு ஒருமுறை போல் அக்கிளை உறைந்து ஸ்டேபிள் வெளியீடாகிறது. எக்ஸ்பெரிமென்டல் என்று நான்காவதாக ஒன்றும் உண்டு. பெயரைப் பார்த்து அதையே நேராக நிறுவ முயல்வோர் உண்டு, ஆனால் அது முழு இயங்குதளமன்று. அன்ஸ்டேபிளின் மேல் ஓரிரு தொகுப்புகளை வேண்டுமென்றே எடுத்துப் பார்ப்பதற்கான இடம் மட்டுமே. ஃபெடோரா என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் ராஹைட் ஏறத்தாழ அன்ஸ்டேபிளுக்கு இணை. யுனிக்ஸ் வழிவந்த ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத்தின் கரண்ட் கிளையில் கெர்னலின் உள்ளே கூடுதல் சரிபார்ப்புகள் இயக்கப்பட்டிருக்கும். ஆகையால் அது மந்தமாக ஓடுவதைக் கண்டு வேகக் குறைவு என்று அறிக்கை அனுப்பாதீர்கள். விண்டோஸின் சோதனைப் பதிப்புகளைத் தரும் இன்சைடர் திட்டத்தில் கேனரி கிளையில் சேர்ந்தவர் விலக விரும்பினால் முழுதாக அழித்து மீண்டும் நிறுவ வேண்டும். மேலும் விண்டோஸ் 11-க்கான வன்பொருள் விதிகள் இங்கும் பொருந்துவதால் பழைய கணினிக்கு இது ஒத்துவராது.

எனக்குப் பிடித்தமான ஒன்றையும் சொல்கிறேன். பிஓஎஸ் என்ற பழைய இயங்குதளத்தைப் பின்பற்றி 2001-இல் தொடங்கப்பட்ட ஹைக்கூ, அன்றாடப் பதிப்புகளை வெளியிட்டு வருகிறது. 32 பிட் கணினிகளையும் அது கைவிடவில்லை. தொகுப்புகளைப் புதுப்பிக்கும்போது முந்தைய நிலையையும் வைத்துக்கொள்கிறது. புதுப்பித்தபின் கணினி எழவில்லையென்றால், துவக்கப் பட்டியலில் பழைய நிலையைத் தேர்ந்து அதிலேயே துவக்கலாம். சோதிப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

ஒன்றைத் தேர்ந்து ஆறு மாதமாவது அதிலேயே இருங்கள். நேற்றுச் சரியாக இருந்தது இன்று கெட்டது என்று சொல்ல வேண்டுமென்றால் நேற்றும் அங்கே இருந்திருக்க வேண்டும். தொடக்கத்திற்கு டெபியன் டெஸ்டிங் பொருத்தம். பழகியபின் அன்ஸ்டேபிளுக்குச் செல்லலாம்.

கேள்வி: சோதனைப் பதிப்பால் வன்பொருளே கெட்டுப்போகுமா? வீட்டிலுள்ள மற்றக் கணினிகளுக்கு ஆபத்து உண்டா?
— வாசகர், மதுரை

பதில்: வன்பொருள் கெடுவது மிக அரிது, ஆனால் நடந்திருக்கிறது. 2008-இல் கெர்னல் 2.6.27-இன் சோதனைக் காலத்தில், இன்டெல் நெட்வொர்க் அட்டைகள் சிலவற்றின் நிலைநினைவகத்தில் இருந்த தரவு அழிந்து, அட்டைகள் செயலிழந்தன. 2013-இல் சில சாம்சங் மடிக்கணினிகள் லினக்ஸைத் துவக்கியபின் மீண்டும் எழவே இல்லை. அவற்றின் யுஇஎஃப்ஐ எனும் துவக்க மென்பொருளில் இருந்த குறையே மூலம் என்பது பின்னர்த் தெரிந்தது. 2017 டிசம்பரில் உபுண்டு 17.10 சில லெனோவோ மடிக்கணினிகளில் பயாஸ் அமைப்புகளை மாற்ற முடியாதபடி செய்துவிட்டதால், அதன் பதிவிறக்கமே சிறிது காலம் நிறுத்திவைக்கப்பட்டது. கடைசியாகச் சொன்னது சோதனைப் பதிப்புகூட அன்று, முறையாக வெளியானது.

வீட்டு நெட்வொர்க்கைப் பற்றித் தாங்கள் கேட்டது சரியான கேள்வி. 2024 மார்ச் இறுதியில் எக்ஸ்இசட் என்னும் சுருக்கு நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு மறைத்துவைத்த கள்ளக் கதவு வெளிப்பட்டது. டெபியன் ஸ்டேபிளை அது எட்டவில்லை. டெஸ்டிங், அன்ஸ்டேபிள், ராஹைட் பயனர்களையே முதலில் எட்டியது. அதைக் கண்டுபிடித்ததும் டெபியன் அன்ஸ்டேபிளில் வேலை செய்துகொண்டிருந்தவர்தான்: ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற தரவுத்தள நிரலாளர், வேறொரு கணினிக்குள் தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச் நுழைவுக்கு ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவதைக் கவனித்து, விடாமல் காரணத்தைத் தேடினார்.

எனவே சோதனைக் கணினியை ரவுட்டரின் விருந்தினர் வைஃபையில் தனியே இணையுங்கள். அன்றாடம் பயன்படுத்தும் மின்னஞ்சல், வங்கிக் கணக்குகளில் அதிலிருந்து நுழையாதீர்கள். வழு அறிக்கைகளுக்கென்றே தனி மின்னஞ்சல் கணக்கும், வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லும் வைத்துக்கொள்ளுங்கள். பதிவிறக்கிய ஒவ்வொரு நிறுவல் படிமத்தின் (ஐஎஸ்ஓ கோப்பின்) எஸ்எச்ஏ256 கூட்டெண்ணையும் தளத்தில் தந்துள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் பென் டிரைவில் எழுதுங்கள். பாதியில் அறுந்த பதிவிறக்கத்தைச் சோதனைப் பதிப்பின் வழு என்று எண்ணுவதும் இதனால் நீங்கும்.

கேள்வி: கெர்னலைப் புதுப்பித்தபின் கணினி சில மணி நேரத்திற்கு ஒருமுறை உறைந்துவிடுகிறது. பொத்தானை அழுத்தி அணைப்பதைத் தவிர வழியில்லை. என்ன நடந்தது என்பதை எப்படி அறிவது?
— வாசகர், சென்னை

பதில்: அணைக்கும் பொத்தானைத் தொடுவதற்கு முன் இரண்டு செயல்கள். முதலில் அதே நெட்வொர்க்கிலுள்ள வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியே நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் உறைந்தது திரை மட்டுமே, குறை வரைகலை இயக்கியில் இருக்கக்கூடும்; பதிவுகளை அங்கேயே நிதானமாக நகலெடுத்துக்கொள்ளலாம். நுழைய முடியாவிட்டால், ஆல்ட் விசையையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் அழுத்தியபடி எஸ், யு, பி என்ற எழுத்துகளை ஒவ்வொன்றாக, இடையே சில நொடிகள் விட்டுத் தட்டுங்கள். நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதி, வட்டைப் பூட்டி, கணினியை மறுதுவக்கும் வரிசை இது. டெபியனில் இவை இயல்பாகவே அனுமதிக்கப்பட்டுள்ளன. உறைவுக்கு முந்தைய பதிவு பிழைக்க இதனால் வாய்ப்பு உண்டு. மறுதுவக்கியபின், ஜர்னல்சிடிஎல் (journalctl) கட்டளையிடம் முந்தைய துவக்கத்தின் பதிவைக் கேட்டு அதன் கடைசி ஐம்பது வரிகளைப் படியுங்கள். பதிவுகள் துவக்கந்தோறும் அழியாமல் வட்டில் சேமிக்கப்படுமாறு அமைத்திருந்தால்தான் இது கைகூடும். நிறுவிய முதல் நாளே அதைச் செய்துவிட வேண்டும்.

கெர்னலே முற்றிலும் நின்றுவிட்டால் வட்டில் எழுத அதற்கு நேரமிருக்காது. பழைய மேசைக் கணினியின் அருமை இங்கேதான் தெரியும். பின்புறம் பாருங்கள்: ஒன்பது ஊசிகள் கொண்ட சீரியல் துளை இருக்கலாம், இல்லையென்றாலும் தாய்ப்பலகையில் அதற்கான ஊசி வரிசை பெரும்பாலும் உண்டு. இரு கணினிகளை நேராக இணைக்கும் 'நல் மோடம்' (null modem) கம்பி ஒன்றையும் யுஎஸ்பி-சீரியல் இணைப்பான் ஒன்றையும் கொண்டு அதை மற்றொரு கணினியோடு இணைத்து, கெர்னல் தன் செய்திகளை முதல் சீரியல் துளைக்கும் 115200 வேகத்தில் அனுப்புமாறு துவக்க வரியில் சொல்லிவிடுங்கள். பிறகு சோதனைக் கணினியின் திரை கறுத்துக் கிடக்கையிலும், பக்கத்துக் கணினியில் வரிகள் ஒவ்வொன்றாக வந்து விழும். எந்த இயக்கியின் எந்தச் செயற்கூறில் கெர்னல் தடுக்கி விழுந்தது என்பதைக் கடைசி வரிகள் பெயர் சொல்லிக் காட்டும். முதன்முறை அதைக் கண்டபோது, மூடிய கதவின் பின்னிருந்து ஒருவர் பேசுவதைக் கேட்டது போலிருந்தது எனக்கு. சீரியல் துளை இல்லாதவர்கள் நெட்கன்சோல் என்ற கெர்னல் வசதியால் இதே செய்திகளை நெட்வொர்க் கம்பி வழியே அனுப்பலாம்.

பழைய கெர்னலை நீக்கிவிடாதீர்கள். அதில் உறையவில்லை, புதியதில் உறைகிறது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டுக்கும் இடையே ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும், நடுவில் ஒன்றைச் சோதித்து ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் பத்துச் சோதனைகளில் குற்றவாளியைப் பிடித்துவிடலாம். மூலநிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் பைசெக்ட் கட்டளை இதைச் செய்வதற்கே உள்ளது. டெபியன் தன் பழைய தொகுப்புகளையெல்லாம் நாள்வாரியாகச் சேமித்து வைத்திருப்பதால், தொகுப்பு அளவில் இவ்வாறு தேடுவதற்கு மூலநிரல்கூட வேண்டியதில்லை. தங்களுக்குச் சில மணிக்கு ஒருமுறைதான் உறைகிறது என்பதால், ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு முழு நாள் கொடுங்கள். அவசரப்பட்டு ஒன்றை நல்லது என்று குறித்துவிட்டால் மீதித் தேடல் முழுதும் தவறான பக்கம் போய்விடும்.

கேள்வி: எனக்கு நிரல் எழுதத் தெரியாது, ஆங்கிலமும் சுமார்தான். என் சோதனையால் யாருக்கேனும் பயன் உண்டா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாங்கள் மட்டுமே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. எழுத்துரு, விசைப்பலகை, உரை வடிவமைப்பு ஆகியவற்றைக் கையாளும் தொகுப்புகள் மாறும்போது, தமிழ் சரியாகத் தெரிகிறதா என்று பார்ப்பவர் மிகச் சிலர். ஒவ்வொரு புதுப்பித்தலுக்குப் பின்னும் உரைத் தொகுப்பியைத் திறந்து தமிழ்99 விசைமுறையில் "கொக்கு", "கௌதாரி", "ஸ்ரீ", "பக்ஷி" என்று தட்டுங்கள். கொம்பு எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கிறதா, கால் வலப்பக்கம் நிற்கிறதா, எங்காவது புள்ளிகளாலான வெற்று வட்டம் தலைகாட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு பின்னழிப்பு விசையை அழுத்தி, எழுத்து ஒழுங்காகக் குறைகிறதா என்றும் பாருங்கள். உலாவி, கோப்பு மேலாளர், முனையம் ஆகிய மூன்றிலும் இதைச் செய்யுங்கள். ஒன்றில் சரியாக இருப்பது இன்னொன்றில் உடைந்திருக்கும். வெளியீட்டுக்கு முன் யாரும் இதைச் சொல்லாவிட்டால், அந்தக் குறையோடுதான் அந்த இயங்குதளம் தமிழ் படிப்போர் அனைவரின் வீட்டுக்கும் வரும்.

அறிக்கைக்கு நல்ல ஆங்கிலம் வேண்டியதில்லை. படிமத்தின் பெயரும் தேதியும், கணினியின் வகை, நான் இதைச் செய்தேன், இதை எதிர்பார்த்தேன், இது நடந்தது, பத்து முறையில் இத்தனை முறை நடந்தது: இவ்வளவையும் சிறு சிறு வாக்கியங்களில் எழுதி, சரியான வடிவமும் உடைந்த வடிவமும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும் படத்தை இணைத்தால் போதும். தமிழ் அறியாத நிரலாளருக்கு எது சரி என்பதே தெரியாது. அந்தப் படம்தான் அவருக்கு வழிகாட்டி.

பாதிப்பு எவ்வளவு பெரிது என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு சிலரின் ஆவணங்களை அழித்ததால் அதன் வினியோகம் நிறுத்தப்பட்டதை நினைவில் வைத்திருப்பீர்கள். வெளியீட்டுக்கு முன்பே சோதனையாளர்கள் சிலர் அதைத் தெரிவித்திருந்தனர். ஆனால் ஆயிரக்கணக்கான பிற குறைகளோடு அதுவும் ஒன்றாய்க் கிடந்தது. குறையின் கடுமையைக் குறிப்பிடும் வசதியை மைக்ரோசாஃப்ட் தன் கருத்துப் பெட்டியில் சேர்த்தது அதற்குப் பின்புதான். தங்கள் அறிக்கைக்கு ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால், அடுத்த பதிப்பிலும் சோதித்து, "இந்தத் தேதியின் பதிப்பிலும் குறை உள்ளது" என்று அதே அறிக்கையின் கீழ் ஒரு வரி சேருங்கள்.